மங்குவதற்கு நூறு காரணம்

எங்கள் ஆய்வுக்கூடத்தில் விளக்கை அணைத்த பிறகுதான் வேலை தொடங்கும். ஜன்னல்களுக்குக் கறுப்புச் சார்ட் ஒட்டிய சின்ன அறை. முன்பு உடைந்த நாற்காலிகளைப் போட்டு வைத்திருந்த இடம். மேசைமேல் அலுமினிய ஃபாயிலோடு சேர்த்து வெட்டிய இரண்டு விரல் அகலத் துண்டு ஒன்று கிடக்கும். பகலில் பார்த்தால் ஃபாயிலில் ஒட்டடை படிந்தது போலிருக்கும். 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச்சை அதன்மேல் அடித்தால் நீலமும் பச்சையும் கலந்த ஒரு நிறத்தில் ஒளிரும். டிஎன்டி எனப்படும் டைநைட்ரோடொலுயீன் கொஞ்சம் இருக்கும் சீசாவைத் திறந்து, அதன் வாய்க்கு நேரே துண்டைப் பிடிப்போம். சில நிமிடங்களில் சீசா வாயின் அளவுக்கு ஒரு வட்டம் இருட்டிப்போகும்.

"மங்கிடுச்சு மேடம்!" என்று மாணவர்கள் கூவுவார்கள். "எதனால?" என்று கேட்பேன். இருபது வருடமாக நான் பார்த்த வேலை இந்தக் கேள்விதான். வெடிமருந்தின் ஆவி பட்டால் ஒளி மங்கும் இழையைச் செய்வது அப்படியொன்றும் பெரிய வித்தையில்லை. ஒளி மங்க நூறு காரணம் உண்டு. அவற்றில் ஒன்றுதான் வெடிமருந்து. மீதித் தொண்ணூற்றொன்பதையும் அடையாளம் தெரிந்துகொள்வதில்தான் என் தலை நரைத்தது.

வெடிமருந்து எனக்குப் புதிதில்லை. அப்பா கரூர்ப் பக்கம் கிணறு வெட்டில் வெடி வைத்தவர். எங்கள் பூமியில் நாலு ஆள் ஆழம் தோண்டினாலே பாறை தட்டிவிடும். பாறையில் குழி போட்டு, தோட்டாவை இறக்கி, கேப்பு சொருகித் திரி கொளுத்திவிட்டு மேலே ஏறி ஓடிவர வேண்டும். வீட்டில் அதற்குப் பெயர் 'மருந்து'. "அப்பா மருந்து வைக்கப் போயிருக்கார்" என்று பள்ளிக்கூடத்தில் சொன்னபோது புதிதாக வந்த டீச்சர் அவரை வைத்தியர் என்று நினைத்துக்கொண்டார்.

மாரியம்மன் நோம்பிக்கு ஒரு வாரம் வேலை இருக்காது. நோம்பி முடிந்து போன முதல் நாள் சாயங்காலம் அப்பா தலையில் துண்டை இறுகக் கட்டிக்கொண்டு திண்ணையில் சாய்ந்துவிடுவார். அம்மா சுக்கு உரசிப் பற்றுப் போடுவாள். வெயில் என்பாள், கண்ணேறு என்பாள், போன இடத்துத் தண்ணீர் என்பாள். எம்.எஸ்ஸி. படிக்கும்போதுதான் எனக்குக் காரணம் தெரிந்தது. அந்தக் காலத்துத் தோட்டாவில் நைட்ரோகிளிசரின் இருந்தது. அது தோல் வழியாகவே உடம்புக்குள் போய் ரத்தக்குழாய்களை விரியவைக்கும், தலை பிளக்கும். தினமும் தொட்டால் உடம்பு பழகிவிடும். நாலு நாள் விட்டால் பழக்கம் போய்விடும், தலைவலி முதலிலிருந்து வரும். மேல்நாட்டு வெடிமருந்து ஆலைகளில் ஞாயிறு லீவு முடிந்து வருகிறவர்களுக்கு இது வந்ததால் திங்கட்கிழமைத் தலைவலி என்றே பெயர் வைத்திருந்தார்கள். நெஞ்சுவலிக்காரர்கள் நாக்கடியில் வைத்துக்கொள்ளும் மாத்திரையும் இதே சரக்குதான். நைட்ரோகிளிசரின் கலந்த வெடிமருந்துகளை நம் நாட்டில் 2004-இல் தடை செய்துவிட்டார்கள். அதற்கு முன்பே அப்பா வேலையை விட்டுவிட்டார்.

நான் ஆய்வுக்குச் சேர்ந்த வருடம் என் வழிகாட்டிப் பேராசிரியர் இரண்டு கட்டுரைகளின் ஜெராக்ஸை நீட்டி, "படிச்சிட்டு வாம்மா" என்றார். ஒன்று எம்ஐடியில் டிமோத்தி ஸ்வேகரும் அவரோடு ஆய்வு செய்த ஒருவரும் 1998-இல் எழுதியது. மற்றது மாசசூசெட்ஸ் மாநிலத்து லோவலிலிருந்து ஜெயந்த் குமாரின் குழு 2002-இல் எழுதியது.

ஸ்வேகர் செய்ததைப் புரிந்துகொள்ளத் திருவிழாவில் கட்டும் சீரியல் செட்டை நினைத்துக்கொண்டால் போதும். ஒரு பல்பு போனால் வரிசையே அணைந்துவிடும். சாதாரணச் சாயத்தில் ஒவ்வொரு மூலக்கூறும் தனிப் பல்பு. ஒரு டிஎன்டி மூலக்கூறு வந்தால் ஒரு பல்பைத்தான் அணைக்கும், கண்ணுக்குத் தெரியாது. ஸ்வேகரின் பாலிமரில் பல்புகளெல்லாம் ஒரே சங்கிலி. மேலே விழுந்த ஒளியின் ஆற்றல் அந்தச் சங்கிலியில் அங்குமிங்கும் ஓடும். ஓடும் வழியில் எங்காவது ஒரு டிஎன்டியோ, அதன் அண்ணனான இன்னொரு டிஎன்டியோ, அதாவது மூன்று நைட்ரோ கொண்ட டிரைநைட்ரோடொலுயீனோ, உட்கார்ந்திருந்தால் அது கிளர்ந்த எலக்ட்ரானைப் பிடுங்கிக்கொள்ளும். நைட்ரோ தொகுதிகளுக்கு எலக்ட்ரான்மேல் அத்தனை ஆசை. ஒளியாகத் திரும்பி வரவேண்டிய எலக்ட்ரான் பறிபோனால் இருட்டுதான். (டி-யில் தொடங்கும் இரண்டு பெயரும் தமிழில் ஒன்றுபோல ஒலிப்பது எங்கள் அறையிலும் ஓயாத குழப்பம். ஆகவே நாங்கள் முதலாவதை 'டைநைட்ரோ' என்றும் இரண்டாவதை 'டிரைநைட்ரோ' என்றும்தான் சொல்வோம். இங்கேயும் இனி அப்படியே.) அந்தப் பாலிமரைக் கொண்டு ஃபைடோ என்றொரு கையடக்கக் கருவி வந்து, இராக்கில் அமெரிக்கப் படையினர் கையில் அது இருந்தது. ஃபைடோ அமெரிக்காவில் நாய்க்கு வைக்கும் பெயர். நம்மூர் மணி மாதிரி.

நாய்ப் பெயர் பொருத்தம்தான். டிரைநைட்ரோ ஆவியாவதில் மகா கஞ்சன். 25 டிகிரியில் நூறு கோடிக் காற்று மூலக்கூறுக்கு நடுவே பத்துகூடத் தேறாது. அதைத் தயாரிக்கும்போது முழுதும் மாறாமல் தங்கிவிடும் டைநைட்ரோ அதைவிடப் பல மடங்கு தாராளமாகக் காற்றில் ஏறும். அதனால் மோப்பத்துக்கு முதலில் சிக்குவது அந்தக் கலப்படம்தான்.

இவ்வளவு குறைந்த ஆவியைப் பிடிக்க வேண்டுமென்றால் அது உள்ளே நுழைய வழி வேண்டும். பாலிமரைக் கண்ணாடியில் ஊற்றிக் காயவைத்தால் தோசை. மேலே ஊற்றிய சாம்பார் மேலேயே நிற்கும். அதையே இழையாக்கினால் இடியாப்பம். எங்கே ஊற்றினாலும் அடிவரை இறங்கும். லோவல்காரர்கள் கட்டுரை மொத்தமும் எனக்கு இந்த இடியாப்பமாகத்தான் தெரிந்தது. அடுத்த மாதமே மின்நூற்புக் கருவி ஒன்றைக் கட்டத் தொடங்கினேன்.

கட்டுவதென்றால் பெரிய இயந்திரமெல்லாம் இல்லை. ஆஸ்பத்திரி சிரிஞ்சு, முனை மழுக்கிய 21 கேஜ் ஊசி, மணிக்கு ஒரு மில்லி என்று தள்ளும் பம்ப், 30 கிலோவோல்ட்வரை போகும் மின்வழங்கி, எதிரே ஒரு சாண் தள்ளி எர்த் கொடுத்த ஃபாயில். இடியாப்ப நாழியில் மாவைப் பிழிகிறோம். இங்கே மின்புலம் பிடித்து இழுக்கிறது. ஊசி முனையில் திரளும் சொட்டைப் பார்த்துக்கொண்டே வோல்டேஜை ஏற்ற வேண்டும். 8, 10, 12 என்று ஏற ஏற உருண்டைச் சொட்டு கூம்பாக மாறும். அதற்கு டெய்லர் கூம்பு என்று பெயர். ஜெஃப்ரி டெய்லர் 1964-இல் அதன் கோணத்தைக் கணக்குப் போட்டுச் சொன்னவர். கூம்பின் நுனியிலிருந்து கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு கோடு கிளம்பும். விரற்கடை தூரம் நேராகப் போய், பிறகு குடை விரிந்தது போலப் புகையாகும். இழை நூறாகப் பிரிகிறது என்றுதான் ஆரம்பத்தில் எல்லோரும் நினைத்தார்கள். அதிவேகக் கேமரா வந்த பிறகு பார்த்தால், ஒரே இழை சாட்டை போலச் சுழன்று சுழன்று வீசப்படுகிறது. அந்தச் சுழற்சியில்தான் அது நீண்டு மெலிகிறது. ஃபாயிலில் விழும்போது 300 நானோமீட்டர் வாக்கில் நிற்கும். தலைமுடியை இருநூறுக்கு மேல் வகிர்ந்தால் வரும் கனம். ஜெர்மன்காரர் ஃபோர்ம்ஹால்ஸ் 1934-லேயே இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். தொண்ணூறுகளில் அமெரிக்காவின் ஆக்ரன் பல்கலைக்கழகத்தில் டாரல் ரெனக்கர் தூசி தட்டி எடுக்கும்வரை உலகம் அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

எல்லாம் கரைசலின் பதத்தில் இருக்கிறது. இழுபாகு காய்ச்சுகிறவர்களுக்கு இது உடனே புரியும். பதம் இளகலாக இருந்தால் இழையில் மணி மணியாகக் கோத்துக்கொள்ளும். முற்றிவிட்டால் ஊசியிலேயே கட்டிக்கொள்ளும். இடையில் உள்ள கம்பிப்பதம்தான் வேண்டும். புத்தகத்தில் சதவீதம் போட்டிருப்பார்கள். ஆனால் புட்டிக்குப் புட்டி பாலிஸ்டைரீன் சங்கிலியின் நீளம் மாறும், பதமும் மாறும். நான் கண்ணாடிக் குச்சியைக் கரைசலில் முக்கித் தூக்கி, விழும் நூல் அறுபடாமல் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்ப்பேன். பாகுமானி வாங்கிய பிறகும் குச்சியைக் கைவிடவில்லை.

ஒளிரும் பாலிமர்கள் தனியாக நூற்க வராது. சங்கிலி விறைப்பு, ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டு நூலாக நிற்காது. அதனால் பாலிஸ்டைரீன் போன்ற ஒரு சாதுவோடு கலந்து நூற்க வேண்டும். பிறகு நாங்கள் பைரீனுக்கு மாறினோம். இது பாலிமர்கூட இல்லை, சின்ன மூலக்கூறு, விலையும் மலிவு. தனியாக இருந்தால் ஊதா. இரண்டு பைரீன் முகத்தோடு முகம் ஒட்டி நின்றால் நீலப்பச்சை. அந்த ஜோடி ஒளிதான் நைட்ரோவுக்குச் சட்டென்று பணியும். கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் யூ லெய் குழு பைரீனையும் பாலிஸ்டைரீனையும் ஒரு கரிம உப்போடு சேர்த்து நூற்று, வெறும் கண்ணால் பார்த்தே சொல்லும்படி 2012-இல் வெளியிட்டபோது எங்களுக்கு வயிறெரிந்தது உண்மை. பைரீனும் பாலிஸ்டைரீனும் எங்களிடமும் இருந்தன. உப்பு போடத் தோன்றவில்லை.

அந்த வருடத்தில் இன்னொன்றும் நினைவிருக்கிறது: மின்வெட்டு. ஆறு மணி நேரம் நூற்றால்தான் கைக்கு ஒரு துண்டு தேறும். நடுவில் கரண்ட் போனால் கூம்பு சரிந்து ஒரு பெரிய சொட்டு ஃபாயிலில் போய் அப்பும். பக்கத்து மாவு மில்லில் எப்போது கரண்ட் வரும் என்று விசாரித்து வைத்துக்கொண்டு நேரம் குறித்தோம்.

அப்படி அவசர அவசரமாக ஆரம்பித்த ஒரு நாளில் ஃபாயிலின் எர்த் கிளிப் கழன்று கிடந்ததை நான் பார்க்கவில்லை. கூம்பு அழகாக நின்றது, இழையும் கிளம்பியது. அரை மணி கழித்துப் பார்த்தால் ஃபாயில் பளபளவென்று சுத்தமாக இருக்கிறது. எங்கேயோ போகிறது, எங்கே என்று தெரியவில்லை. பம்ப்பை நிறுத்திவிட்டு விளக்கை அணைத்து டார்ச் அடித்தேன். ஸ்டாண்டு, குழாய், கதவுக் கைப்பிடி எல்லாம் ஒளிர்கின்றன. கூட இருந்த பெண் என்னைப் பார்த்து "அய்யோ அக்கா, உங்க தலை!" என்றாள். எர்த் இல்லாவிட்டால் இழை தனக்கு வாகான அடுத்த எர்த்தைத் தேடும். அன்று அது நான். முடி, புருவம், வலது கை எல்லாம் மெல்லிய நீலப்பச்சை. பைரீன் உடம்பில் படக்கூடாத சாமான் என்பதால் சிரித்து முடிப்பதற்குள் குளியலறைக்கு ஓடினேன். மறுநாள் எர்த் கிளிப்புக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் "கிளிப்பைத் தொட்டுக் கும்பிடு" என்று எழுதி ஒட்டினேன். இன்றைக்கும் இருக்கிறது. நிஜமாகவே கும்பிடுகிறார்கள்.

சென்னைக் காற்றைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தத் தொழிலைச் சொன்னதாகாது. கட்டுரைகளில் 'அறை நிலைமையில் நூற்கப்பட்டது' என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். அவர்கள் அறை வேறு, ஐப்பசி மழையில் நம் அறை வேறு. ஒரு அடைமழை வாரத்தில் நூற்ற துண்டுகளெல்லாம் வெளிறிப்போய் மாவு பூத்தது போல வந்தன. தூக்கிப் போட மனமில்லாமல் சும்மா டைநைட்ரோவின்மேல் பிடித்தோம். வழக்கமாக ஐந்து நிமிடம் எடுப்பது ஒரு நிமிடத்துக்குள் இருட்டியது. மின்நுண்ணோக்கியில் பார்த்தால் ஒவ்வொரு இழையும் உள்ளுக்குள் துளைத் துளையாகப் பஞ்சு போல இருந்தது. காற்றின் ஈரம் இழைக்குள் புகுந்து பாலிஸ்டைரீனைக் கரைப்பானிலிருந்து பிரித்துவிட, ஈரம் இருந்த இடமெல்லாம் துளையாகிவிட்டது. வெயில் வந்ததும் அந்தத் துண்டு வரவில்லை. நூற்கும் இடத்தைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, ஈரப்பதமானி மாட்டி, தண்ணீர்த் தட்டும் சிலிகா ஜெல்லும் மாற்றி மாற்றி வைத்து, அதே மழையை மறுபடி வரவழைக்க ஏழு மாதம் ஆயிற்று.

என்னுடைய பெரிய சறுக்கல் பிக்ரிக் அமிலத்தில். இதற்கும் மூன்று நைட்ரோ. பட்டுக்கு மஞ்சள் சாயமாகப் போட்டார்கள், பிறகு பீரங்கிக் குண்டில் அடைத்தார்கள். 1917-இல் கனடாவின் ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்தை அழித்த கப்பலில் ஏற்றியிருந்ததில் பெரும்பகுதி இதுதான். அதே சமயம் ரத்தத்தில் கிரியேட்டினின் பார்க்க இன்றும் லேபுகளில் இதைக் காரத்தோடு கலந்து வைத்திருக்கிறார்கள். டிரைநைட்ரோ வேண்டுமென்றால் உரிமம், பூட்டு, பதிவேடு என்று ஒரு ஆயுள் ஓடிவிடும். பிக்ரிக் அமிலம் ரசாயனக் கடையில் சுலபமாகக் கிடைத்தது. ஆகவே உலகத்தில் வெடிமருந்து உணரி செய்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் பிக்ரிக் அமிலத்தைத்தான் தண்ணீரில் கரைத்துப் பிடிக்கிறார்கள் என்று எனக்கொரு எரிச்சல் உண்டு. நானும் அதைத்தான் செய்தேன்.

சொட்டுச் சொட்டாக விட விட ஒளி சரசரவென்று இறங்கியது. ஸ்டெர்னும் வோல்மரும் 1919-இல் வகுத்துக் கொடுத்த சமன்பாட்டில் போட்டால் கோடு நேராகப் போய்க் கடைசியில் மேல்நோக்கி வளைந்தது. அந்த வளைவை 'மிகைத் தணிப்பு' என்று பெருமையாக எழுதினேன். கட்டுரையைப் படித்த நடுவர் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தார்: ஒளிர்வின் ஆயுட்காலம் அளந்தீர்களா? அளந்தோம். நானோ நொடிக் கணக்கில் ஒரு துளியும் மாறவில்லை. பைரீனின் எலக்ட்ரானை யாரும் பிடுங்கவில்லை. பிக்ரிக் அமிலம் மஞ்சள். நான் பாய்ச்சிய புற ஊதாவை இழைக்குப் போய்ச் சேருமுன் அதுவே குடித்துவிட்டது. ஜன்னலில் மஞ்சள் திரை போட்டுவிட்டு வெயில் குறைந்துவிட்டது என்று சொன்ன கதை. கட்டுரையைத் திரும்பப் பெற்றேன். அந்த மஞ்சள் திரையோடு அச்சேறிய கட்டுரைகள் எத்தனை என்று எண்ணத் தொடங்கிப் பாதியில் விட்டுவிட்டேன்.

பிக்ரிக் அமிலத்தோடு இன்னொரு சந்திப்பு. ஒரு கல்லூரியின் பழைய பொருள் அறையை ஒழிக்கக் கூப்பிட்டிருந்தார்கள். மேல்தட்டின் கோடியில் பழுப்புச் சீசா, மரையில் மஞ்சளாக உப்புப் பூத்த மூடி. லேபிளில் பாதி எழுத்தைப் பூச்சி தின்றிருந்தது. இந்த அமிலத்தை எப்போதும் தண்ணீர் விட்டு ஈரமாகவே வைத்திருக்க வேண்டும். காய்ந்துவிட்டால் உரசல் போதும். மூடி உலோகமாக இருந்தால் அதோடு சேர்ந்து இன்னும் பொல்லாத உப்பாகிவிடும். மூடியைத் திருகினாலே நெருப்புக்குச்சி கிழித்ததற்குச் சமம். கூட வந்த உதவியாளர் "இதை இறக்கிடவா மேடம்?" என்று ஸ்டூலில் ஏறிவிட்டார். எனக்கு வாயே வரவில்லை. அவர் வேட்டியின் நுனியைப் பிடித்து இழுத்தேன். நல்லவேளை, ஆளும் வேட்டியும் சேர்ந்தே இறங்கின. கதவைச் சாத்தி, மாடியைக் காலி செய்து, வெடிகுண்டுப் பிரிவுக்குப் போன் போட்டோம். அவர்கள் வந்து, மணல் வாளியில் இருத்தி எடுத்துப்போனார்கள். அந்தச் சீசா எத்தனை வருடமாக அங்கே இருந்தது என்று கேட்டதற்கு, பொறுப்பாளர் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அது பதிவேட்டிலேயே இல்லை, அதனால் அது அங்கே இருந்திருக்க முடியாது என்றார்.

பிறகு வந்தது கத்தரிக்காய் விவகாரம். பெட்டிக்குள் மூடி வைத்த துண்டுகள் ஒரு வாரம் நன்றாக ஒளிரும், அடுத்த வாரம் காலையில் வந்து பார்த்தால் மங்கிக் கிடக்கும். டைநைட்ரோ சீசா பூட்டிய அலமாரியில் இருக்கிறது. முதலில் டார்ச்சைச் சந்தேகித்தோம். தொடர்ந்து அடித்தால் பைரீன் தானாகவே வெளுக்கும். பிறகு தரை துடைக்கும் பினாயில், கை கழுவும் திரவம், எதிர் அறையின் அமிலப் புகை, வெள்ளைக் கோட்டில் சோப்புப் பவுடர் விட்டுப்போகும் மினுமினுப்பு என்று ஒவ்வொன்றாகக் கழித்தோம். மூன்று வாரம் ஓடியது. கடைசியில் யாரோ நாட்காட்டியைப் பார்த்தார்கள்: மங்குவதெல்லாம் திங்கட்கிழமை. திங்கட்கிழமை என்றதும் எனக்கு அப்பா ஞாபகம் வந்தது.

ஒட்டன்சத்திரம் பக்கத்துத் தம்பி ஒருவர் எங்களிடம் ஆய்வு செய்துகொண்டிருந்தார். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஊருக்குப் போய், ஞாயிறு முழுக்கத் தோட்டத்தில் நின்றுவிட்டு, இரவு பஸ்ஸில் ஏறி நேராக லேபுக்கு வருவார். பையை நூற்புப் பெட்டியின் அடியில் வைப்பார்.

"தம்பி, தோட்டத்துல என்ன அடிச்சீங்க?"

"கத்தரிக்குப் பூ மருந்து மேடம். பூ கொட்டாம இருக்க."

பையைத் திறந்ததும் கசப்பு வாதுமை வாசம் வீசியது. மடித்து வைத்த அழுக்குச் சட்டை. பூ பிடிக்க அடிக்கும் அந்த மருந்தின் லேபிளைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். நைட்ரோபென்சீன், 20 சதவீதம். வளையம் ஒன்று, நைட்ரோ ஒன்று. எங்கள் இழை தேடும் ஆளின் ஒன்றுவிட்ட தம்பி. டிரைநைட்ரோவைவிடப் பல ஆயிரம் மடங்கு காற்றில் ஏறும். எங்கள் கருவியை ஒரு பஸ் நிலையத்தில் மாட்டினால் அது முதலில் பிடிப்பது கத்தரிக்காய்க்காரரைத்தான்.

வாசனைத் திரவியங்களும் அப்படியே. ஆல்பர்ட் பௌர் என்பவர் 1888-இல் டிரைநைட்ரோவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது கைக்கு வந்த ஒரு பொருள் கஸ்தூரி போல மணந்தது. அந்த வழியில் வந்த கஸ்தூரி சைலீன் என்ற செயற்கை வாசனையில் மூன்று நைட்ரோ. சோப்பிலும் மலிவு சென்ட்டிலும் ரொம்பக் காலம் புழங்கியது. இழைக்கு எப்படித் தெரியும், இது கல்யாண வீட்டு மணம், இது கண்ணிவெடி என்று? ஒரே இழையை நம்பக்கூடாது என்று அதன் பிறகுதான் முடிவு செய்தோம். நாலைந்து விதமான இழைகளைப் பக்கம் பக்கமாக வைத்து, எது எவ்வளவு மங்குகிறது, ஆவியை எடுத்துவிட்டால் எது எவ்வளவு சீக்கிரம் மீள்கிறது என்று சேர்த்துப் பார்க்க வேண்டும். நைட்ரோபென்சீன் சட்டென்று வந்து சட்டென்று போகும். டிரைநைட்ரோ தயங்கி வரும், வந்தால் லேசில் எழுந்து போகாது.

எது பிடிபடாது என்பதையும் சொல்ல வேண்டும். காவல்துறை அதிகாரி ஒருவர் பார்க்க வந்திருந்தார். செய்து காட்டினோம், தலையாட்டினார். சட்டைப்பையிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்தார். சரவெடியைப் பிரித்துக் கொட்டிய மருந்து. "இதைப் பிடிங்க பார்ப்போம்." துண்டு கொஞ்சமும் அசையாமல் ஒளிர்ந்துகொண்டே இருந்தது. பட்டாசு மருந்து பொட்டாசியம் நைட்ரேட்டு, கந்தகம், அலுமினியம். அதில் நைட்ரோ தாங்கிய வளையம் ஏது, ஆவி ஏது. குவாரிகளில் இப்போது ஓடும் சரக்கில் பெரும்பகுதி அம்மோனியம் நைட்ரேட்டு; அதற்கும் இதே கதிதான். ஆர்டிஎக்ஸ் டிரைநைட்ரோவைவிடக் கஞ்சன். அதிகாரி கோபப்படவில்லை. "அப்போ சிவகாசிக்காரன் தப்பிச்சான்" என்று சொல்லி டீயைக் குடித்துவிட்டுப் போனார்.

கிளிநொச்சியிலிருந்து படிக்க வந்திருந்த ஒரு பெண் மட்டும் அன்று மாலை என்னிடம் வந்து நின்றாள். "அக்கா, மண்ணுக்குக் கீழ இருந்தா இது காட்டுமோ?" மண் காய்ந்திருந்தால் ஆவியைத் தானே இறுகப் பிடித்துவைத்துக்கொள்ளும், கொஞ்சம் ஈரம் பட்டால்தான் விடும் என்றேன். "எங்கட ஊரில பொம்பிளையள் வெயிலுக்க குந்தியிருந்து, ரேக்கால மண்ணைச் சீவிச் சீவித்தான் மிதிவெடி எடுக்கினம்" என்றாள். ரேக்குக்குப் பதில் இந்தத் துண்டை அவர்கள் கையில் கொடுப்பேனா என்று எனக்கு நானே கேட்டுப் பார்த்தேன். மாட்டேன். மங்கினால் எச்சரிக்கை, சரி. மங்காவிட்டால் 'இங்கே கால் வைக்கலாம்' என்று எந்த இழையும் உறுதி சொல்லாது. அவளிடமும் அதைத்தான் சொன்னேன்.

போன தைப் பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது ஒரு துண்டையும் டார்ச்சையும் எடுத்துப் போனேன். அப்பாவுக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. திண்ணையில் வைத்து எல்லாம் காட்டினேன். வெகுநேரம் உற்றுப் பார்த்தார்.

"இது தோட்டா இருந்தாச் சொல்லுமா, கண்ணு?"

"அந்தக் காலத்துத் தோட்டாவச் சரியாச் சொல்லாதுப்பா. அதுல வளையம் இல்ல."

"அப்படீன்னா எந்தலையே தேவலையாட்டம் இருக்குது" என்றார்.

துண்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். டார்ச்சைக் கொடுக்கவில்லை. இரவு சாப்பாடு முடிந்து பார்த்தால் ஆளைக் காணோம். கொல்லையில், பழைய கிணற்று மண்ணும் கல்லும் கொட்டிக்கிடக்கும் மேட்டில் குனிந்து நின்றுகொண்டிருந்தார். "இங்க வா கண்ணு, சத்தம் போடாத" என்று கை காட்டினார். அவர் வெடி வைத்துப் பெயர்த்த கல்லொன்றின் இடுக்கில், கொடுக்கைத் தூக்கிக்கொண்டு ஒரு தேள், எங்கள் துண்டின் அதே நீலப்பச்சையில் ஒளிர்ந்துகொண்டிருந்தது. புற ஊதா பட்டால் தேளின் ஓடு ஒளிரும் என்று எனக்குத் தெரியும். அவருக்கு யாரும் சொல்லவில்லை. மறு கையில் செருப்பைக் கழற்றித் தயாராக வைத்திருந்தார்.